மாதர் இதழ்களும் நம் மறையுரையும்

கடந்த ஆண்டு வளவனூர்ப் பகுதியில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மாலையில் அவருடைய மகள் தகரப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, அம்மா சேத்து வச்சது. எடைக்குப் போட மனசு வரல. நீங்க படிக்கிறவங்க, என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஞானோபதேசப் புத்தகங்களும் நவநாள் செபங்களும் இருக்கும் என்று எண்ணியிருந்தோம். இருந்தவையோ மாதர் இதழ்கள். ஏறத்தாழ நூறு பிரதிகள். பெரும்பாலானவை 'மங்கையர் மலர்'. பிற்காலத்து 'அவள் விகடன்' சில. தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து ஊசிநூலால் தைத்த கட்டுகள் நான்கைந்து. ஒவ்வோர் இதழுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் பாடநூலுக்கு இடுவது போலப் பழுப்புத் தாளால் உறை இடப்பட்டிருந்தது.

இவ்வளவு பேணிக் காத்திருக்கிறாரே என்று வியந்து உறையைப் பற்றிக் கேட்டோம். மகள் சற்றுத் தயங்கினார். "பேணுறதுக்கு இல்ல சாமி. நீங்கதான் ஒரு தடவ பிரசங்கத்துல திட்டினீங்களாம். சாமி வீடு மந்திரிக்க வந்தா அட்டை தெரியக் கூடாதுன்னு போட்டாங்க" என்றார்.

அந்த மறையுரை நம் நினைவில் இருக்கிறது. குருப்பட்டம் பெற்ற புதிதில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்னர், விருந்தினராக வந்து இங்கே திருப்பலி நிறைவேற்றிய ஒரு ஞாயிறன்று ஆற்றியது அது. குருமடத்தில் படித்த விடுதலை இறையியல் நூல்களின் சூடு ஆறாத காலம். மாதர் இதழ்கள் பெண்ணை அடுக்களையிலும் நிலைக்கண்ணாடி முன்னும் கட்டிப்போடுகின்றன, விளம்பரக்காரருக்கு அவளை விற்கின்றன, அவற்றை விலை கொடுத்து வாங்குவது தன் விலங்கைத் தானே காசு கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும் என்று முழங்கினோம். பீடத்தை விட்டு இறங்கியபோது நம்மைப் பற்றி நமக்கே சற்றுப் பெருமிதம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அவ்வுரைக்கு முன் எந்த மாதர் இதழையும் முதலிலிருந்து கடைசிவரை நாம் படித்ததில்லை. இப்பெட்டியின் புண்ணியத்தால் இப்போது படித்துவிட்டோம். இக்கட்டுரை அந்தப் படிப்பின் விளைவு.

தமிழில் மாதர்க்கான மாத இதழ் நேற்று முளைத்ததன்று. 1899இல் 'மாதர் மனோரஞ்சனி' வெளிவந்தது. 1905இல் 'சக்கரவர்த்தினி' தோன்றிற்று. அதன் ஆசிரியர் நம் பாரதியார். பின்னர் 1908இல் அவர் அடைக்கலம் தேடி வந்த புதுச்சேரி நம் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதே சென்னையில் 1901 முதல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் இதழை நடத்தியவர் கமலா சத்தியநாதன் என்ற கிறித்தவப் பெண்மணி. ருக்கையா சகாவத் உசேன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் அவ்விதழில்தான் முதலில் அச்சேறிற்று. ஆடவர் அனைவரும் வீட்டுக்குள் அடைந்துகிடக்க, பெண்டிர் நாடாள்வதாகக் கற்பனை செய்யும் அக்கதைக்கு இடம் கொடுத்தது ஒரு மாதர் இதழ்தான். இதை நம் மறையுரையில் நாம் சொல்லவில்லை, அறிந்திருந்தால்தானே சொல்வதற்கு.

இவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் நிறுத்தி வைப்பவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்தவர், ஐந்து வயது கடந்தவுடன் மணம் முடிக்கப்பட்டவர், பள்ளிக்கூடம் சென்றதில்லை. கதை சொல்வதில் வல்லவர், எழுதப் பழகாதவர். அவருடைய முதல் நாடகமாகிய 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் கேட்டு எழுதினார் என்பது வரலாறு. 1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற இதழை வாங்கித் தாமே ஆசிரியராகவும் வெளியிடுபவராகவும் முதன்மை எழுத்தாளராகவும் நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். காந்தியடிகளைச் சந்தித்தபின் கதருக்கு மாறினார். 1930களின் தொடக்கத்தில் நாட்டுக்காகச் சிறையும் சென்றார். 1960இல் மறைந்தார்.

அந்நாவல்களின் இலக்கியத் தரத்தைப் பற்றிப் பின்வந்த திறனாய்வாளர் பலர் உதட்டைப் பிதுக்கியுள்ளனர். திருப்பங்கள் மிகுதி, அறிவுரை மிகுதி, பாத்திரங்களுக்கு நிழல் இல்லை என்பன அவர்கள் கூறும் குறைகள். அவற்றை நாமும் மறுக்கவில்லை. ஆனால் தலைகீழாக ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எழுதத் தெரியாத ஒருத்தி பேசுகிறாள், எழுதத் தெரிந்த மற்றொருத்தி அதை எழுத்தாக்குகிறாள், வாசிக்க மட்டுமே தெரிந்த ஆயிரமாயிரம் பெண்கள் அதற்காக மாதந்தோறும் காத்திருக்கிறார்கள். இவ்வுறவுக்குள் நடந்ததை நாவலின் கட்டுக்கோப்பை மட்டும் வைத்து அளக்க முடியுமா? நற்செய்தியாளர் மாற்குவைப் பேதுருவின் மொழிபெயர்ப்பாளர் என்று பாப்பியாஸ் குறித்துவைத்ததை நாம் இறையியல் வகுப்பில் எத்தனை மரியாதையோடு படித்தோம்! ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவது திருச்சபைக்குப் புதிதன்றே. திருவல்லிக்கேணியில் நடந்தபோது மட்டும் அது நமக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

பிரெஞ்சு நாட்டிலும் இக்கதையின் சாயல் ஒன்று உண்டு. புதுச்சேரியில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில், பாரிசில் வாழும் மகள் அனுப்பிய 'மரி கிளேர்' இதழ்கள் பல ஆண்டுகளாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. குருமடத்தில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சைக் கொண்டு சிலவற்றைப் புரட்டினோம். அவ்விதழ் 1937இல் கிழமை இதழாகத் தொடங்கி, போரின் முடிவில் 1944இல் நின்று, 1954இல் மாத இதழாக மறுபிறவி எடுத்தது. அதைத் தொடங்கிய ழான் புரூவோ, கம்பளி ஆலை முதலாளி. எனவே வாசகிக்கு ஆடை மோகத்தை ஊட்டுவதில் அவருக்கு இரட்டை ஆதாயம் இருந்திருக்கும் என்று நம் பழைய மறையுரை உடனே கூவும். பொறுமை வேண்டும். அவருடன் சேர்ந்து இதழை உருவாக்கிய மார்செல் ஒக்லேர் என்பவர், பிற்காலத்தில் அவிலா நகர்ப் புனித தெரேசாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1950இல் வெளியிட்டவர். அப்புனிதையின் நூல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவரே. முகப்பூச்சுக் குறிப்பும் கார்மேல் மறைஞானமும் ஒரே மேசையில் எழுதப்பட்டிருக்கின்றன. அடுக்களை வேலையிலும் இறைவனைக் காணலாம் என்று தம் கன்னியர்க்கு எடுத்துரைத்த தெரேசா இதைக் கண்டு முகம் சுளித்திருப்பாரா, சிரித்திருப்பாரா? சிரித்திருப்பார் என்பது நம் எண்ணம்.

இன்னொன்று. 1937இல் அவ்விதழை முதன்முதலாகக் கையில் எடுத்த பிரெஞ்சுப் பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை. 1944இல்தான் அது கிட்டிற்று. கணவனின் இசைவின்றி வேலைக்குச் செல்லவும் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965இன் சட்டம் வரை அவள் காத்திருக்க நேர்ந்தது. நம் சென்னை மாகாணத்திலோ சொத்துத் தகுதி உடைய பெண்கள் 1921 முதல் வாக்களிக்கலாயினர். ஆக, நாகரிகத்தின் தலைநகர் என்று போற்றப்பட்ட நாட்டின் வாசகியும் 'ஜகன்மோகினி'யின் வாசகியும் சட்டத்தின் முன் நாம் நினைப்பதுபோல் ஏற்றத்தாழ்வாக நிற்கவில்லை. இருவருக்கும் அவ்விதழ்கள் ஒரு சன்னல். சன்னல் கதவாகாது என்பது உண்மைதான். ஆனால் கதவைப் பூட்டி வைத்தவர்களுக்குச் சன்னலைக் குறை கூறும் உரிமை உண்டா?

இனி நம் தகரப் பெட்டிக்கு வருவோம்.

'மங்கையர் மலர்' கல்கி குழுமத்திலிருந்து 1980களில் மாத இதழாகப் பரவிற்று. மஞ்சுளா ரமேஷ் நெடுங்காலம் அதன் ஆசிரியராக இருந்தார். 'அவள் விகடன்' 1998இல் வந்தது. சமையல், கோலம், கைவேலை, மருத்துவக் குறிப்பு, தொடர்கதை, ஆன்மிகம், வாசகியர் கடிதம் என்ற அடுக்கு ஏறத்தாழ எல்லா மாதர் இதழ்களுக்கும் பொது. இவ்விதழ்களை முதலிலிருந்து படித்துவருகையில் நமக்கு முதலில் எழுந்தது பழைய கோபமே. இவற்றின் பக்கங்களில் உலவும் இல்லத்தரசி யார்? அவள் வீட்டில் எரிவாயு அடுப்பு உண்டு, மிக்சி உண்டு, குளிர்பதனப் பெட்டி உண்டு. நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டுவாள். மார்கழியில் வாசலில் புள்ளிக்கோலம் இடுவாள். மகன் பொறியியல் படிப்பான். நாம் புரட்டிய இதழ்களில் நாற்று நடுகிறவள் இல்லை. கரும்புக் கழி சுமக்கிறவள் இல்லை. சிறுவந்தாட்டுத் தறியில் பட்டு நெய்கிறவளைக் காணவில்லை, அவள் நெய்தது போன்ற புடவைதான் அட்டைப்படத்தில் காட்சி தருகிறது. கிறித்தவப் பெண் டிசம்பர் இதழில் ஒரு கேக்கோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். சேரிக் கிறித்தவப் பெண் எந்த மாதத்திலும் எட்டிப் பார்ப்பதில்லை.

இக்குறை மெய்யானது. இதை நாம் விலக்கிக்கொள்ளப் போவதில்லை. விளம்பரங்களின் தயவில் நடக்கும் இதழ், வாங்கும் வலிமை உடையவளையே தன் வாசகியாக வரைந்துகொள்ளும். வரையப்பட்ட வாசகிக்கும் உண்மையில் வாசித்தவளுக்கும் இடையே இருந்த தொலைவுதான் நம் மறையுரைக்குத் தெரியாத பொருள்.

நம் மூதாட்டியின் வீட்டில் விறகடுப்பே பல்லாண்டு எரிந்தது. நிலம் அரை காணி. மணிலா பயிரிட்ட மண். அவர் தம் இதழ்களில் பென்சிலால் குறித்துவைத்துள்ளவற்றைப் பாருங்கள். குருமா செய்முறை ஒன்றில் 'முந்திரி 50 கிராம்' என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் அவர் கையெழுத்து: 'மல்லாட்டை போதும், வறுத்து.' பண்ருட்டியின் செம்மண்ணில் விளையும் முந்திரி நமக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அந்த அடுக்களைக்கு எட்டவில்லை என்பதும், எட்டாததற்காக அந்த அம்மையார் அழுதுகொண்டிராமல் தம் கொல்லையில் விளைந்ததைப் போட்டுக்கொண்டார் என்பதும் இந்த மூன்று சொற்களில் அடங்கிவிட்டன. வேறொரு பக்கத்தில் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்கிற இனிப்புக்கு எதிரே 'பானைத் தண்ணி' என்று இருக்கிறது. கொலு அமைக்கும் முறை விளக்கப்பட்ட பக்கத்தில் படிகளின் அளவு மட்டும் அடிக்கோடிடப்பட்டிருக்கிறது. மகளிடம் கேட்டோம். கிறிஸ்துமசுக்குக் குடில் கட்ட அந்த அளவுதான் என்றார்.

இதழ் சொன்னபடி நடந்தவளாகவா இவள் தோன்றுகிறாள்? ஒவ்வொரு பக்கத்தையும் மறுபதிப்பாக்கிய ஆசிரியையாகவே நமக்குத் தோன்றுகிறாள். விவிலிய உரையாளர்கள் ஓரக்குறிப்புகளில் செய்ததை நாம் பருவம் பருவமாகப் படித்துத் தேர்வு எழுதினோம். மல்லாட்டைக் குறிப்பைப் படிக்கும் தகுதி நமக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்திருக்கிறது.

தொடர்கதைக் கட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சில நன்று, பல சாதாரணம். துன்பப்படும் மருமகள் கடைசி அத்தியாயத்தில் புரிந்துகொள்ளப்படுகிறாள். புரிந்துகொள்ளாத மாமியாரும் உலகில் உண்டு என்பதை எழுதத் துணிந்தவர்கள் சிலரே.

இலக்கிய உலகம் இவ்விதழ்களைப் பார்க்கும் பார்வைக்கு எடுத்துக்காட்டாக ஒன்று சொல்லலாம். 'சுபமங்களா'வை இன்று யாவரும் கோமல் சுவாமிநாதனின் இலக்கிய ஏடாக நினைவுகூர்கின்றனர். 1991இல் அவர் பொறுப்பேற்று 1995இல் மறையும்வரை அது தமிழின் சிறந்த இலக்கியத் திங்களிதழ்களுள் ஒன்றாக விளங்கியது உண்மை. குருமட நூலகத்தில் நாமும் முண்டியடித்துப் படித்தோம். ஆனால் அதற்கு முன் அது அனுராதா ரமணனை ஆசிரியராகக் கொண்ட மகளிர் இதழ். அந்த மாற்றம் ஒரு வளர்ச்சி என்றே எல்லாரும் எழுதியுள்ளனர். அந்நாள்வரை அதைச் சந்தா கட்டி வாங்கிய வாசகியர் அடுத்த மாதம் இதழைப் பிரித்தபோது என்ன நினைத்தனர் என்று யாரேனும் கேட்டு எழுதினரா? நம் கண்ணில் படவில்லை. நாமும் அன்று கேட்கவில்லை.

நம் திருச்சபை இதழ்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் 'மகளிர் பக்கம்' என ஒன்று வெளிவந்த காலத்தில், ஆசிரியர் குழு கேட்டுக்கொண்டதற்கிணங்க நாமே சில மாதங்கள் அதை எழுதியுள்ளோம், ஒரு பெண்ணின் புனைபெயரில். பொறுமை, சிக்கனம், குடும்ப செபம் என்பன பொருள்கள். அதை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் மகளிர்க்கு ஒரு மடல் எழுதினார். பெண்களுக்கு இழைக்கப்பட்ட சிறுமைகளில் திருச்சபையின் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்ததற்காக அதில் வருத்தம் தெரிவித்தார். அம்மடலை வகுப்பில் வாசித்துக் குறிப்பு எடுத்துத் தேர்வும் எழுதியவர்தாம் சில ஆண்டுகளில் அந்த மறையுரையை ஆற்றினார்.

பெட்டியின் அடியில் ஒரு பழைய உறை இருந்தது. அதற்குள் ஐந்து தாள் துண்டுகள், ஒரு பணவிடையின் கிழிசல். ஐந்தும் மாதர் இதழ்களின் 'வாசகியர் குறிப்பு' பகுதியிலிருந்து வெட்டியவை. ஒன்று, புளியை ஓராண்டு கெடாமல் வைப்பது எப்படி என்பது. ஒன்று, மழைநாளில் விறகு புகையாதிருக்க ஒரு வழி; எரிவாயு அடுப்புகளுக்கிடையில் இதை அச்சிட்ட துணையாசிரியரை நாம் மனதார வாழ்த்துகிறோம். ஒவ்வொன்றின் அடியிலும் அவருடைய பெயர், ஒரு சிறு கோடு, பின் 'வளவனூர்'. பணவிடை இருபத்தைந்து ரூபாய்க்கு. மகளுக்கே இது தெரியாது. பால்காரருக்குக் கணக்கு எழுதிய நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதி அனுப்பியிருப்பார் போலும். அஞ்சல்காரர் பணம் கொண்டுவந்த நாளில் வீட்டில் யார் இருந்தார்களோ!

பங்கு அலுவலகத்துப் பதிவேடுகளைப் புரட்டினோம். திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் இன்னாரின் மகள். திருமணப் பதிவேட்டில் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி. அடக்கப் பதிவேட்டில், நம் கையெழுத்திலேயே, இன்னாரின் விதவை. ஓர் ஆண் பெயரின் துணையின்றி அவர் பெயர் தனித்து நிற்கும் இடம், நாம் அறிந்தவரை, அந்த ஐந்து துண்டுகளே. யோவான் நற்செய்தியில் கல்லறை அருகே நின்ற மரியாவை ஆண்டவர் முதலில் 'அம்மா' என்றுதான் அழைக்கிறார். அவள் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பெயர் சொல்லி அழைத்தபோதுதான் திரும்பிப் பார்க்கிறாள். இப்பகுதியைப் பாஸ்கா எண்கிழமையில் எத்தனை முறை விளக்கியிருப்போம்!

இதனால் மாதர் இதழ்களை நற்செய்தியாக்கிவிடுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. சிவப்பழகுக் களிம்பின் விளம்பரங்கள் இந்தப் பெட்டியில் உள்ள இதழ்களிலும் பக்கம் பக்கமாக உள்ளன. கருத்த மேனியாளாகிய நம் மூதாட்டி அவற்றையும்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அப்பக்கங்களில் பென்சில் குறிப்பு எதுவும் இல்லை. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று நம்மால் கூற இயலாது.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கல்கி குழுமத்தின் அச்சிதழ்கள் நின்று மின்வடிவுக்கு மாறின. அன்றுமுதல் 'மங்கையர் மலர்' கைப்பேசித் திரையில்தான் மலர்கிறது. திரையில் பென்சிலால் எழுத முடியாது. இன்றைய பெண்கள் செய்முறையைக் காணொளியில் பார்த்துவிட்டு அதன் கீழே தங்கள் மாற்றத்தை எழுதுகின்றனர் என்று அன்பியக் கூட்டத்துக்கு வந்த இளம்பெண் ஒருத்தி நமக்கு விளக்கினாள். அப்படியானால் மல்லாட்டைக்கு இன்னும் இடம் இருக்கிறது.

அந்த இளம்பெண்தான் மேசைமேல் கிடந்த குருமாப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டவள். மகள், உறையிலிருந்த ஐந்து துண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பணவிடைக் கிழிசலையும் கொடுத்தோம். இதழ்கள் பங்கு நூலகத்தின் அலமாரியில், புனிதர் வரலாறுகளுக்குக் கீழ்த்தட்டில் உள்ளன. உறைகளை நாமே அமர்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின.